எதை ‘ஒன்று’ என்று எண்ணுவது? வெங்காய வேர் முதல் செம்பனை வரை: உயிரியல் செய்முறைக்கான வழிகாட்டி

உயிரியல் செய்முறையில் பாதிக்கு மேல் எண்ணும் வேலைதான். பிரிந்துகொண்டிருக்கும் செல் எத்தனை, சவ்வு விலகிய செல் எத்தனை, பெட்ரி தட்டில் காலனி எத்தனை, கலப்பில் பிறந்த செம்பனைக் கன்றில் எந்த வகை எத்தனை. படம் வரைய ஒரு மணி நேரம் செலவிடும் மாணவர்கள்கூட, எதை ‘ஒன்று’ என்று எடுத்துக்கொள்வது என்பதை எண்ணத் தொடங்கிய பிறகுதான் யோசிக்கிறார்கள். அதற்குள் பாதி எண்ணிக்கை ஒரு விதியிலும் மீதி வேறு விதியிலும் போயிருக்கும். கீழே வரும் ஒவ்வொரு சோதனைக்கும் அந்த விதியை முதலில் வகுத்துக்கொண்டுதான் நுண்ணோக்கிக்குப் போக வேண்டும்.

இது மலேசியாவில் பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேசி மாணவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம். எழுதுபவர்களுக்கு முதல் இரண்டு பகுதிகள் நேரடியாகப் பயன்படும். பொருள்கள் பினாங்கில் எங்கும் கிடைப்பவை: சௌராஸ்தா சந்தையில் வெங்காயமும் பூண்டும் கங்கோங் கீரையும், அடுக்குமாடி வீடுகளின் வாசலோரத்தில் ரோயோ செடி, வீட்டில் புளித்த தோசை மாவு. தண்ணீர்மலைப் பக்கம் உள்ள தாவரவியல் பூங்காவில் இலை பறிக்காதீர்கள், தேவையும் இல்லை. அமிலமும் சாயமும் ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும்.

வேர் நுனியில் மைட்டாசிஸ் (செல் பிரிவு)

பெரிய வெங்காயம், சின்ன வெங்காயம், பூண்டு மூன்றுக்கும் குரோமோசோம் எண் 16தான். குரோமோசோம்கள் பெரியவை, அதனால் சாதாரணப் பள்ளி நுண்ணோக்கியிலேயே தெளிவாகத் தெரியும். சந்தையில் வரும் பெரிய வெங்காயம் கப்பலிலும் கிடங்கிலும் நெடுநாள் இருந்து வருவது. சிலவற்றில் முளை வராமலிருக்கப் பக்குவமும் செய்திருப்பார்கள். நான்கு நாளாகியும் வேர் வராவிட்டால் உங்கள் மேல் தவறில்லை. பூண்டுப் பல் பெரும்பாலும் ஏமாற்றாது. எதுவானாலும் அடித்தட்டில் காய்ந்து கிடக்கும் பழைய வேரைக் கத்தியால் மெல்லச் சுரண்டிவிட்டு, அடிப்பாகம் மட்டும் தண்ணீரைத் தொடும்படி சின்ன கிளாஸின் வாயில் உட்கார வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் தண்ணீர் ஒரே நாளில் வாடை எடுக்கும், வேர் நுனி பழுத்துக் குழைந்துவிடும். காலையும் மாலையும் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு மூன்று நாளில் 1 முதல் 2 செ.மீ. வேர் வந்ததும் வெட்டலாம். அதற்கு மேல் விட்டால் நுனியில் பிரிவு குறைந்துகொண்டே போகும்.

அடுத்த படிகளை வரிசை மாற்றாமல் செய்ய வேண்டும்.

1. மூன்று பங்கு எத்தனாலும் ஒரு பங்கு செறிந்த அசிட்டிக் அமிலமும் கலந்த நிலைநிறுத்தியில் வேர்களை 24 மணி நேரம் போட்டு வையுங்கள். கலவையை அன்றன்றைக்குத் தயாரிக்க வேண்டும். வைத்திருந்தால் இரண்டும் வினைபுரிந்து எஸ்டராக மாறி, கலவையின் வேகம் போய்விடும். உடனே பயன்படுத்தாத வேர்களை 70% எத்தனாலுக்கு மாற்றிக் குளிர்பெட்டியில் வைக்கலாம்.

2. வேரைத் தண்ணீரில் நன்றாக அலசி, 60 °செ. சூட்டில் முன்பே சூடேற்றிய 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 5 நிமிடம் விடுங்கள். செல்களை ஒட்டவைத்திருக்கும் நடு அடுக்கின் பெக்டினை இந்த அமிலம் கரைக்கிறது. குளிர்ந்த அமிலத்தில் வேரைப் போட்டு அதன் பிறகு சூடேற்றினால் அந்த 5 நிமிடத்துக்குப் பொருளில்லை.

3. தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அமிலம் மிச்சமிருந்தால் சாயம் சரியாகப் பிடிக்காது.

4. ஸ்லைடில் வைத்து நுனியிலிருந்து 1 முதல் 2 மி.மீ. மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுங்கள். அசிட்டோ ஆர்சின் இரண்டு சொட்டு விட்டு 10 நிமிடம் காத்திருங்கள். சாயம் காயத் தொடங்கினால் இன்னொரு சொட்டு.

5. ஊசியால் நுனியைக் கிழித்துப் பரப்பி, கவர்ஸ்லிப்பை ஒரு பக்கமாகச் சாய்த்து இறக்குங்கள். பென்சிலின் பின்பக்கத்தால் மேலே மெதுவாகத் தட்டுங்கள். பிறகு வடிதாளை மடித்து மேலே வைத்து, கட்டைவிரலால் நேர்க்குத்தாக அழுத்துங்கள். விரல் பக்கவாட்டில் நகர்ந்தால் செல்கள் உருண்டு சுருண்டுவிடும், அந்த ஸ்லைடு அத்தோடு சரி.

நான்காவது படியில்தான் பெரும்பாலான ஸ்லைடுகள் தோற்கின்றன. வேரின் கடைசி முனையில் இருப்பது வேர்மூடி. அதற்குச் சற்று மேலே ஆக்குத்திசு. அதற்கும் மேலே நீட்சிப் பகுதி. சாயம் ஏறிய பிறகு வெறுங்கண்ணால் பார்த்தாலே தெரியும்: ஆக்குத்திசு உள்ள இடம் கருஞ்சிவப்பாகவும், மேலே போகப் போக வெளிறியும் இருக்கும். சின்னச் செல், அதை முக்கால்வாசி நிரப்பிய உட்கரு என்பதால் அங்கே நிறம் செறிகிறது. நுண்ணோக்கியில் நீள நீளமான செவ்வகச் செல்களும் ஓரத்தில் ஒதுங்கிய சின்ன உட்கருக்களும் தெரிந்தால், நீங்கள் பார்ப்பது நீட்சிப் பகுதி. அங்கே எவ்வளவு தேடினாலும் மெட்டாபேஸ் (குரோமோசோம்கள் செல்லின் நடுவே வரிசையாக நிற்கும் கட்டம்) கிடைக்காது, வேறு நுனி எடுங்கள். செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்திருந்தால் அமிலத்தில் நேரம் போதவில்லை, அல்லது தட்டியது போதவில்லை. எல்லாமே வெளிறி, நுனி தொட்டதும் கூழாகிறது என்றால் அமிலத்தில் அதிக நேரம் கிடந்திருக்கிறது.

இனி எண்ணும் விதி. உட்கருச் சவ்வும் உட்கருமணியும் தெரிந்தால் இடைநிலை. நூல் நூலாகத் தனித்துத் தெரிந்தால் புரோபேஸ். ‘கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது’ என்பதெல்லாம் இடைநிலைக்கே போகட்டும். டீலோபேஸில் இரண்டு உட்கரு தெரிந்தாலும், நடுவே செல் தட்டு முழுமையாகாதவரை அது ஒரே செல். முழுமையான சுவர் வந்துவிட்டால் இரண்டு இடைநிலைச் செல்கள். இந்த விதியைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், எண்ணுபவர் மாறினாலும் விதி மாறாது. இன்னொன்று: பிரிவு அதிகம் தெரியும் பார்வைப் புலத்தைத் தேடிப் பிடித்து எண்ணாதீர்கள். ஒரு மூலையில் தொடங்கி அடுத்தடுத்த புலங்களில் வரும் எல்லாச் செல்லையும் எண்ணுங்கள். அழகான இடத்தை மட்டும் எண்ணினால் விடை எப்போதும் கூடுதலாகத்தான் வரும்.

கணக்குக்கு ஓர் எடுத்துக்காட்டு. 400 செல்களில் இடைநிலை 352, புரோபேஸ் 30, மெட்டாபேஸ் 8, அனாபேஸ் 4, டீலோபேஸ் 6 என்று வைத்துக்கொள்வோம். பிரியும் செல்கள் 48. மைட்டாசிஸ் குறியீடு 48-ஐ 400-ஆல் வகுத்து 12%. செல் சுழற்சிக்கு 20 மணி நேரம் என்று வினாவில் தந்திருந்தால், மெட்டாபேஸுக்கு 8/400 × 1200 நிமிடம், அதாவது 24 நிமிடம். இந்த இரண்டாவது கணக்கு ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: செல்கள் ஒரே நேரத்தில் பிரியாமல், ஆளுக்கொரு கட்டத்தில் சிதறிக் கிடக்க வேண்டும். ‘இம்முறையின் வரம்பு என்ன’ என்று கேட்டால் எழுத வேண்டியது இதுதான்.

ரோயோ இலையில் பிளாஸ்மா சிதைவு

மலேசியப் பள்ளிகளில் ரோயோ டிஸ்கலர் என்று சொல்லப்படும் செடியின் இன்றைய அறிவியல் பெயர் டிரடெஸ்கேன்ஷியா ஸ்பாதேசியா. மேல்பக்கம் பச்சை, கீழ்ப்பக்கம் ஊதா. அந்த ஊதா, கீழ்ப் புறத்தோல் செல்களின் நுண்குமிழுக்குள் (செல்லின் சாறு நிறைந்த பை) கரைந்திருக்கும் ஆந்தோசயனின் என்ற நிறமி. நிறம் நுண்குமிழுக்குள் இருப்பதால், செல் நீர் இழந்து, சவ்வு சுவரைவிட்டு விலகிச் சுருங்கும்போது (இதுவே பிளாஸ்மா சிதைவு) நிறப் பகுதியே சுருங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. வெங்காயத் தோலில் இதே சோதனையைச் செய்து சவ்வைத் தேடிக் கண் வலிக்க வேண்டியதில்லை.

முதலில் கரைசல். 1 மோலார் சுக்ரோஸுக்கு 34.2 கிராம் வெள்ளைச் சீனியைக் குறைந்த தண்ணீரில் கரைத்து, கடைசியில் மொத்த அளவை 100 மி.லி.க்குக் கொண்டுவர வேண்டும். 100 மி.லி. தண்ணீரில் 34.2 கிராம் சீனியைக் கொட்டினால் கன அளவு 100-ஐத் தாண்டிவிடும், செறிவு குறைந்துவிடும். வெள்ளைச் சீனி ஏறக்குறையத் தூய சுக்ரோஸ், அது போதும். குலா மெலாக்காவும் பழுப்புச் சீனியும் வேண்டாம். இந்தத் தாய்க் கரைசலிலிருந்து 20 மி.லி. வீதம் பிரித்துக்கொள்ளுங்கள்: 0.1 மோலாருக்கு 2 மி.லி. கரைசலும் 18 மி.லி. காய்ச்சி வடித்த நீரும், 0.2-க்கு 4-ம் 16-ம், இப்படியே 0.6 வரை. கூடவே வெறும் நீர் ஒன்று. முந்திய நாள் தயாரித்து மேசையில் விட்ட சீனிக் கரைசலில் நுண்ணுயிர் வளர்ந்திருக்கும், மூடாமல் விட்டால் நீரும் ஆவியாகியிருக்கும். அன்றைக்கே தயாரியுங்கள்.

இலையின் ஊதாப் பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடித்து, குறுக்கே சாய்வாகச் சட்டென்று கிழித்தால் கிழிந்த ஓரத்தில் மெல்லிய ஊதாப் படலம் துருத்தி நிற்கும். இடுக்கியால் அதைப் பிடித்து உரித்து, 5 மி.மீ. சதுரமாக வெட்டுங்கள். பச்சை ஒட்டிக்கொண்டு வந்தால் அடியில் இலையிடைத் திசு இருக்கிறது என்று பொருள். அதன் வழியே செல் எல்லை தெரியாது, வேறு துண்டு எடுங்கள். ஒவ்வொரு கரைசலிலும் இரண்டு துண்டுகளை மூழ்கவைத்து 20 நிமிடம் விடுங்கள். பிறகு ஸ்லைடில் ஏற்றும்போதும் அதே கரைசலின் ஒரு சொட்டில்தான் ஏற்ற வேண்டும். பழக்கதோஷத்தில் தண்ணீர் விட்டால், கவர்ஸ்லிப் போட்டு முடிப்பதற்குள்ளேயே செல்கள் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கிவிடும்.

நுண்ணோக்கியில் முதலில் ஊதா நிற ஓடுகள் பதித்த தரைபோலத் தெரியும். நடுநடுவே இரண்டு பச்சை அவரை விதை போன்ற காப்புச் செல்களும், அவற்றைச் சுற்றி நான்கு துணைச் செல்களும்: அதுதான் இலைத்துளை. அங்கங்கே ஊசிக்கட்டுபோல் மின்னுவது கால்சியம் ஆக்சலேட் படிகம். அழுக்கு என்று நினைத்து ஸ்லைடைத் துடைக்க வேண்டாம், சேம்புத் தண்டு கையை அரிக்கவைப்பதும் இதே படிகம்தான். காப்புச் செல்லையும் துணைச் செல்லையும் எண்ணிக்கையில் சேர்க்கக்கூடாது. அவற்றின் கரைபொருள் செறிவு இலைத்துளை திறப்பதையும் மூடுவதையும் பொறுத்து மாறிக்கொண்டே இருப்பது. நிறமே இல்லாத செல்களையும் விட்டுவிடுங்கள், அவை உரிக்கும்போது கிழிந்து சாற்றை இழந்தவை.

விதி: சவ்வு சுவரைவிட்டு ஒரே ஒரு மூலையில் விலகியிருந்தாலும் அது பிளாஸ்மா சிதைவுற்ற செல். ‘பாதி’, ‘கொஞ்சம்’ என்று இடைப்பட்ட வகை வேண்டாம். ஒரு கரைசலுக்குக் குறைந்தது 100 செல் எண்ணி, சதவீதத்தைச் செறிவுக்கு எதிராக வரையுங்கள். வரைகோடு படுத்த ‘எஸ்’ வடிவில் வரும். 50% வெட்டும் இடத்தில் உள்ள செறிவே தொடக்கநிலை பிளாஸ்மா சிதைவு. அங்கே சராசரிச் செல்லின் அழுத்தத் திறன் சுழியம், எனவே செல்லின் நீரியல் திறனும் கரைபொருள் திறனும் சமம், இரண்டும் வெளிக்கரைசலுக்குச் சமம்.

அந்தச் செறிவு 0.26 மோலார் என்று வந்தால், கரைபொருள் திறனைச் செறிவு × வளிம மாறிலி × கெல்வின் வெப்பநிலை என்று பெருக்கி, முன்னால் கழித்தல் குறி இடுங்கள். மாறிலி 0.00831 (மெகாபாஸ்கல், லிட்டர் அலகில்). குளிர்சாதனம் இல்லாத ஆய்வகத்தில் வெப்பநிலை 30 °செ., அதாவது 303 கெல்வின்: விடை ஏறக்குறைய −0.655 மெகாபாஸ்கல். தேர்வில் தரும் சுக்ரோஸ் அட்டவணைகள் வழக்கமாக 20 °செ.க்கு உரியவை; அதிலுள்ள எண்கள் இந்தக் கணக்கைவிடச் சற்றுக் கூடுதல் எதிர்மறையாக இருக்கும், ஏனெனில் செறிந்த சீனிக் கரைசல் இலட்சியக் கரைசல்போல நடந்துகொள்வதில்லை. அட்டவணை தந்திருந்தால் அட்டவணையைப் பின்பற்றுங்கள். எந்த வழியில் போனீர்கள் என்பதை மட்டும் எழுதிவிடுங்கள்.

விலகிய சவ்வுக்கும் சுவருக்கும் நடுவே இருப்பது என்ன? ‘காற்று’, ‘வெற்றிடம்’ என்று எழுதுபவர்கள் ஆண்டுதோறும் உண்டு. செல்சுவர் எல்லாவற்றையும் உள்ளே விடும், ஆகவே அங்கே இருப்பது வெளிக்கரைசல். செல் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, கவர்ஸ்லிப்பின் ஒரு பக்கம் நீர்ச் சொட்டு வைத்து எதிர்ப்பக்கம் வடிதாளால் உறிஞ்சுங்கள். ஊதா மீண்டும் விரிந்து சுவரைத் தொட்டால் செல் உயிரோடு இருக்கிறது. அதிகச் செறிவில் நெடுநேரம் விட்டது திரும்பாமலும் போகலாம்.

தண்டின் குறுக்குவெட்டு

இங்கே வேலை கையில் இருக்கிறது, சொல்ல அதிகம் இல்லை. புதுச் சவர பிளேடு, தண்டும் பிளேடும் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும், ஒரே திசையில் இழுத்து வெட்ட வேண்டும். முழு வட்டம் வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். ஓரத்தில் மெலிந்து கரையும் ஆப்பு வடிவத் துண்டின் மெல்லிய முனையில்தான் செல்கள் தெளிவாகத் தெரியும். மெல்லிய தண்டை உருளைக்கிழங்குத் துண்டின் பிளவில் செருகி, இரண்டையும் சேர்த்து வெட்டலாம். துண்டுகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணுக்கு ஏறத்தாழத் தெரியாத ஒன்றைத் தூரிகையால் எடுங்கள். 0.05% டொலுயிடின் நீலத்தில் ஒரு நிமிடம் வைத்து அலசினால், லிக்னின் ஏறிய சைலம் (நீர் கடத்தும் திசு) பச்சை கலந்த நீலமாகவும் மெல்லிய சுவர்ச் செல்கள் இளஞ்சிவப்பு ஊதாவாகவும் பிரிந்து தெரியும்.

இருவித்திலைத் தண்டுக்குக் காசித்தும்பை நல்ல தேர்வு, ஒருவித்திலைக்கு இளஞ்சோளம். கங்கோங் எளிதில் கிடைக்கும், வெட்டவும் மிருது, ஆனால் அதில் ஒரு பொறி உண்டு. கங்கோங் சேர்ந்த தாவரக் குடும்பத்தில் சைலத்தின் வெளிப்பக்கம் மட்டுமல்லாமல் உட்பக்கமும் ஃபுளோயம் (உணவு கடத்தும் திசு) இருக்கும். பாடநூல் படத்தை மனத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் உட்பக்க ஃபுளோயத்தைப் பித் என்று குறித்துவிடுவார்கள். பித் இருக்க வேண்டிய நடுப்பகுதி அங்கே வெறும் குழல். கண்ணில் படுவதை வரையுங்கள், மனப்பாடத்தை வரையாதீர்கள்.

அளவுகோல் இல்லாத படத்துக்கு மதிப்பு குறைவு. மேடை அளவி இல்லாவிட்டால் கண்ணருகு லென்சில் பொறித்திருக்கும் புல எண்ணைப் பாருங்கள். 18 என்றிருந்தால் 10 மடங்குப் பொருளருகு லென்சில் பார்வைப் புலத்தின் விட்டம் 1.8 மி.மீ., 40 மடங்கில் 0.45 மி.மீ. இந்த 0.45 மி.மீ. விட்டத்தில் 9 செல் வரிசையாக நின்றால் ஒரு செல்லின் சராசரி நீளம் 50 மைக்ரோமீட்டர்.

தோசை மாவிலும் தயிரிலும் பாக்டீரியா

தயிரில் இரண்டு வகை: சங்கிலியாக நிற்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் உருண்டைகள், லாக்டோபேசில்லஸ் கோல்கள். உளுந்தும் அரிசியும் அரைத்துப் புளிக்கவைத்த மாவில் லியூகோனோஸ்டாக் முக்கியமானது. மாவு பொங்குவதற்கான வாயுவில் பெரும்பங்கு அதனுடையது. எல்லாமே கிராம் நேர்வகை. ஆகவே சாயமேற்றும் கை சரியாக இருக்கிறதா என்று சோதிக்கத் தயிரே போதும்: ஊதா வர வேண்டும், சிவப்பு வந்தால் தவறு உங்கள் பக்கம்.

ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் 1884-இல் வெளியிட்ட முறை இன்றும் அடிப்படையில் மாறவில்லை. ஸ்லைடில் ஒரு சொட்டு நீர், அதில் ஊசிமுனை அளவு தயிர். பரப்பினால் அடியில் வைத்த அச்செழுத்தைப் படிக்கும் அளவுக்கு மெலிந்திருக்க வேண்டும். காற்றில் முழுதாகக் காய்ந்த பிறகு சுடரின் மேல் மூன்று முறை சட்டென்று காட்டி எடுங்கள். ஈரத்தோடு காட்டினால் செல்கள் வெந்து உருக்குலையும். படிக ஊதா 1 நிமிடம், அலசல். அயோடின் 1 நிமிடம், அலசல். ஸ்லைடைச் சாய்த்து 95% எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வழியும் துளி நிறமற்றுப் போனதும் உடனே தண்ணீர். இதற்கு 10 முதல் 20 விநாடி ஆகலாம். கடைசியில் சஃப்ரானின் 1 நிமிடம், அலசி, ஒற்றி, 100 மடங்கு லென்சில் எண்ணெய் விட்டுப் பாருங்கள்.

எத்தனால் படிதான் முடிவைத் தீர்மானிக்கிறது. கிராம் நேர்வகையின் தடித்த பெப்டிடோகிளைக்கான் சுவர் எத்தனாலில் நீரிழந்து இறுகி, ஊதாவும் அயோடினும் சேர்ந்த பெரிய கூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. எதிர்வகையில் வெளிச்சவ்வு கரைந்து, மெல்லிய சுவர் வழியே அது வெளியேறிவிடும். எத்தனாலை அதிக நேரம் விட்டால் நேர்வகையும் நிறமிழந்து சிவப்பாகும். பரப்பல் தடிமனாக இருந்தால் எதிர்வகையும் ஊதாவாகவே நிற்கும். பல நாள் பழைய தயிரில் செத்த செல்கள் சுவர் சிதைந்து சிவப்பு காட்டும்; புதிதாக உறைந்ததை எடுங்கள்.

தோசை மாவில் இன்னொரு குழப்பம். அயோடின் பட்டதும் மாவுமணிகள் கருநீலமாகும். முதல் பார்வைக்கு அவை பெரிய உருண்டைப் பாக்டீரியாக்களாகத் தோன்றும். அரிசியின் மாவுமணி 3 முதல் 8 மைக்ரோமீட்டர், கோணங்கள் உள்ள வடிவம். உருண்டைப் பாக்டீரியா ஏறக்குறைய 1 மைக்ரோமீட்டர். மாவில் கொஞ்சம் நீர் கலந்து பத்து நிமிடம் அசையாமல் வைத்து, மேலே நிற்கும் நீரிலிருந்து எடுத்தால் இந்தத் தொல்லை பெருமளவு குறையும்.

அகர் தட்டில் வளர்க்கும்போது, ஊட்ட அகர்ப் பொடியைப் பொதியில் சொன்ன அளவில் (பெரும்பாலும் லிட்டருக்கு 28 கிராம்) கலந்து 121 °செ.யில் 15 நிமிடம் கிருமிநீக்கம் செய்து, 45 முதல் 50 °செ.க்கு ஆறிய பிறகு ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் மூடியில் நீர் கோத்து, சொட்டி, காலனிகள் ஒன்றோடொன்று கரைந்து ஓடும். நம் ஈரக்காற்றில் இது இன்னும் மோசம். இறுகியதும் தலைகீழாகத்தான் வைக்க வேண்டும். வெப்பக்கூடு தேவையில்லை, அறையின் 28 முதல் 30 °செ. போதும். 37 °செ.க்குப் போனால் மனித உடல் சூட்டை விரும்பும் நோய்க்கிருமிகளுக்கு இடம் கொடுத்ததாகும். நாடாவை மூடியின் இரண்டு இடத்தில் மட்டும் ஒட்டுங்கள், சுற்றி அடைத்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து வேறு வகைகள் தலைதூக்கும். வளர்ந்த தட்டைத் திறக்கக்கூடாது. எறிவதற்கு முன் மறுபடி கிருமிநீக்கம்.

30 முதல் 300 காலனி உள்ள தட்டை மட்டும் கணக்கில் எடுங்கள். பத்தின் ஆறாவது படி நீர்த்ததில் 0.1 மி.லி. பரப்பி 84 காலனி வந்தால், மூலத்தில் மி.லி.க்கு 8.4 × 10⁸. இங்கும் ‘ஒன்று’ என்பது என்ன என்று பாருங்கள்: ஒரு காலனி ஒரே செல்லிலிருந்தும் வரலாம், ஒட்டியிருந்த ஒரு சங்கிலியிலிருந்தும் வரலாம். அதனால்தான் விடையைச் ‘செல்’ என்று எழுதாமல் ‘காலனி உருவாக்கும் அலகு’ என்கிறோம். லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சாதாரண ஊட்ட அகரில் நன்றாக வளர்வதில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். தட்டில் வந்ததெல்லாம் மாவைப் புளிக்கவைத்தது என்று எழுதிவிடக்கூடாது.

செம்பனைக் கொட்டையில் மெண்டல்

பட்டாணிச் செடியை விட்டுவிட்டு நம் ஊர்ப் பயிருக்கு வருவோம். மலாயாவில் வணிக நோக்கில் செம்பனை (எண்ணெய்ப் பனை) முதலில் நடப்பட்டது 1917-இல், கோல சிலாங்கூரில் உள்ள தென்னமாரம் தோட்டத்தில். பழத்தின் ஓட்டை வைத்து மரங்கள் மூன்று வகை: தடித்த ஓடுள்ள டூரா, ஓடே இல்லாத பிசிபெரா, மெல்லிய ஓடுள்ள தெனெரா. 1941-இல் காங்கோவில் பெர்னேர், வான்டர்வெயன் இருவரும் இது ஒரே மரபணுவின் வேலை என்று காட்டினார்கள். டூராவும் பிசிபெராவும் ஒத்த அல்லீல் (மரபணுவின் மாற்று வடிவம்) கொண்டவை. தெனெரா கலப்பு அல்லீல் கொண்டது. தெனெராவில் சதைப்பகுதி அதிகம், எண்ணெயும் அதிகம். தோட்டங்களில் நிற்பது அதுதான்.

டூராவையும் பிசிபெராவையும் கலந்தால் வரும் கன்றுகள் எல்லாம் தெனெரா. தெனெராவைத் தெனெராவோடு கலந்தால் 1:2:1. மரத்தடியில் விழுந்த தெனெரா விதையை முளைக்கவைத்து நடுபவருக்குப் பாதிதான் தெனெரா கிடைக்கும், கால்பங்கு டூரா, கால்பங்கு பிசிபெரா. மற்ற மகரந்தம் கலக்காதபோது இந்தக் கணக்கு. சான்றளித்த கன்றைத்தான் வாங்க வேண்டும் என்பதற்கு மரபியல் காரணம் இதுவே.

இப்போது மாணவர்கள் தடுமாறும் இடம். டூரா மரத்தின் பூவில் பிசிபெரா மகரந்தம் பட்டு உருவான பழத்தை வெட்டினால் ஓடு எப்படி இருக்கும்? ‘கரு கலப்பு அல்லீல் கொண்டது, ஆகவே மெல்லிய ஓடு’ என்பது தவறான விடை. ஓடு என்பது கனியின் உள்ளுறை. அது சூலகச் சுவரிலிருந்து, அதாவது தாய் மரத்தின் திசுவிலிருந்து உருவாவது. தாய் டூரா, எனவே அந்த மரத்தில் காய்க்கும் பழம் எல்லாமே தடித்த ஓடுதான், தந்தை யாராக இருந்தாலும். உள்ளே இருக்கும் கரு வளர்ந்து மரமாகித் தானே காய்த்தால்தான் மெல்லிய ஓடு தெரியும். ஆகவே விகிதம் பார்க்கும்போது ‘ஒன்று’ என்பது ஒரு மரம். ஒரு குலையில் உள்ள ஆயிரம் பழத்தை வெட்டி எண்ணினாலும் அது ஒரே மரபணு வகையை ஆயிரம் முறை எண்ணியதாகத்தான் ஆகும்.

எண்ணிக்கை எதிர்பார்த்த விகிதத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் கை-வர்க்கச் சோதனைக்கு ஒரு பயிற்சிக் கணக்கு. தெனெரா × தெனெரா கலப்பில் 160 மரம்: டூரா 46, தெனெரா 72, பிசிபெரா 42. எதிர்பார்ப்பு 40, 80, 40. வித்தியாசங்கள் 6, −8, 2. வர்க்கித்து எதிர்பார்ப்பால் வகுத்தால் 0.9, 0.8, 0.1, கூட்டினால் 1.8. வகை மூன்று, அதில் ஒன்றைக் கழித்தால் கட்டற்ற அளவு 2, ஐந்து சதவீத மட்டத்தில் எல்லை மதிப்பு 5.991. 1.8 அதைவிடச் சிறியது, ஆகவே 1:2:1-லிருந்து விலகல் தற்செயலாக இருக்கலாம். சூனியக் கருதுகோளைத் தள்ளக் காரணமில்லை. ‘நிரூபிக்கப்பட்டது’ என்று எழுதாதீர்கள். சதவீதத்தை வைத்தும் இந்தக் கணக்கைச் செய்யாதீர்கள்: 160-க்குப் பதில் 100 என்று ஆக்கினால் மதிப்பு 1.125 ஆகக் குறைந்துவிடும், 1600 மரம் இதே விகிதத்தில் இருந்தால் 18-க்கு ஏறிவிடும். நேரடி எண்ணிக்கை மட்டும்.

வயலில் இந்த மூன்றாவது எண், பிசிபெரா 42, கிடைப்பது அவ்வளவு எளிதில்லை. பிசிபெரா மரங்களில் பெரும்பாலானவற்றின் பெண் பூக்குலை முதிராமலே அழுகிவிடும், வெட்டிப் பார்க்கப் பழமே இருக்காது. அதற்காகக் குலையில்லாத மரத்தையெல்லாம் பிசிபெரா என்று குறித்தால் கணக்கு கெடும். செம்பனை ஆண் பூக்குலைகளையும் பெண் பூக்குலைகளையும் பருவம் மாற்றி மாற்றி விடும், ஆண் பருவத்தில் நிற்கும் நல்ல தெனெராவிலும் குலை இருக்காது. 2013-இல் மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு ஓட்டுக்கான மரபணுவைக் கண்டறிந்த பிறகு, நாற்றங்கால் இலையின் டி.என்.ஏ.வைச் சோதித்தே வகையைச் சொல்ல முடிகிறது. வினாவில் தரவு எந்த வழியில் எடுக்கப்பட்டது என்று பாருங்கள்: இலைச் சோதனை என்றால் 160-ஐயும் எடுத்துக்கொள்ளலாம், பழத்தை வெட்டிப் பார்த்தது என்றால் வகை தெரியாத மரங்கள் எத்தனை என்று தனி நிரை இருக்கிறதா என்று தேடுங்கள்.